எச்சரிக்கைக் குரல்: சொல் விளக்கம்

வன்னியில் குளக்கட்டால் நடந்தவர்களுக்கு ஆக்காட்டியைத் தெரியாமல் இராது. வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. கல்லோடு கல்லாகக் கிடக்கும் முட்டை நம் கண்ணில் படுமுன்னரே அது நம்மைக் கண்டு எழும்பி, தலைக்கு மேலே கத்தத் தொடங்கிவிடும். இரவிலும் விடாது. வேட்டைக்காரர் அதைத் திட்டாமல் இருப்பார்களா? ஆள்காட்டிதான் பேச்சில் ஆக்காட்டி ஆனது. ஆளுக்கு மட்டுமல்ல, நாய்க்கும் கத்தும். அது வேறு கதை.

இந்தக் கத்தலை விலங்கியலார் ஆங்கிலத்தில் 'அலார்ம் கோல்' (alarm call) என்கிறார்கள். 'ஆயுதத்தை எடுங்கள்' என்று பொருள்படும் 'அல்லார்மே' என்ற இத்தாலியப் போர்க்கூவல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'அலார்ம்' ஆயிற்று. தமிழில் 'அபாய ஒலி' என்று எழுதினால் எனக்குச் சைரன்தான் ஞாபகம் வருகிறது. 'எச்சரிக்கை ஒலி'யும் சரிவராது. மிரண்ட புள்ளிமான் காலால் நிலத்தை உதைப்பதும் ஒலிதானே. தொண்டையிலிருந்து வருவது குரல். ஆகவே எச்சரிக்கைக் குரல்.

சரி, அந்தக் குரல் எதையாவது காட்டுகிறதா, வெறும் பயத்தில் எழும் அலறலா? மொழியின் தோற்றத்தைத் தேடுபவர்கள் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். (ஊகங்கள் மலிந்து போய், மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல் விதியே எழுதியது.) கென்யாவின் அம்போசெலியில் வேர்வெட் குரங்குகளின் குரல்களைப் பதிவுசெய்து, எதிரி எதுவும் இல்லாத வேளையில் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறுத்தைக்கான குரலுக்குக் குரங்குகள் மரமேறின. கழுகுக்கானதற்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக்கானதற்கு நிலத்தைப் பார்த்துத் தேடின. குட்டிகள் மட்டும் விழுகிற இலைக்கும் கழுகுக் குரல் கொடுத்துவிடும். வளர வளரத் திருந்தும்.

அதற்காக 'குரங்கு மொழி' என்று எழுதுவது மிகை. இக்குரல்கள் பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை. நம் பிள்ளைகளோ சொற்களைக் கேட்டுப் பழகுகிறார்கள். நேற்று வந்த சிறுத்தையைப் பற்றி எந்தக் குரங்கும் இன்று குரல் கொடுப்பதில்லை. ஆனால் கேட்பவர் பொருள் கொள்ளும் பழக்கம் மொழிக்கு முந்தியது என்றே எனக்குப் படுகிறது. மரத்தில் மந்தி குரல் கொடுத்தால் கீழே மேயும் புள்ளிமானும் உஷாராகிறதே.

அப்புறம், 'கோல்' என்று வரும் இடமெல்லாம் குரல் என்று போட்டுவிடவும் கூடாது. பொலன்னறுவைக் குரங்குகள் நிறையப் பழம் கண்டால் எழுப்பும் குரலை ஆய்வாளர் டிட்டஸ் 1984இல் விவரித்தார். அதைக் கேட்டு மற்றவை ஓடி வரும். அதற்கு உணவழைப்பு என்பதே பொருந்தும்.