பேட்டரி விளக்கு எரியாவிட்டால் சார்ஜ் ஏறாது, ஏன்?

"வேனுக்குப் புது ஆல்டர்னேட்டர் மாட்டியாச்சு. அப்படியும் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் பழுதானதைக் கொடுத்துவிட்டாரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய டீசல் வேன், சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கே எரிவதில்லை என்று கடைசியில் சேர்த்திருக்கிறார். விடை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தயாரித்துத் தருவதுதான் ஆல்டர்னேட்டர். அதை மாட்டுவது பெரிய வேலை இல்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த வயர் எஞ்சின் நின்றிருந்தாலும் பேட்டரியோடு இணைந்தே இருக்கும்; ஸ்பானர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். அப்புறம் பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டைக் கழற்றி, புதியதை வைத்து, பெல்ட்டை இறுக்கினால் முடிந்தது.

சுருளுக்கு அருகே காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டறிந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் ஆல்டர்னேட்டரில் சுழலும் ரோட்டர் நிரந்தரக் காந்தம் அல்ல. கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் போனால்தான் அது காந்தமாகும். ஓடத் தொடங்கிவிட்டால் அந்த மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். சரி, முதல் மின்சாரம்? இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் மிகவும் பலவீனமானது. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிலிக்கன் டயோடு ஒன்றைத் தாண்டவே சுமார் 0.7 வோல்ட் வேண்டும். வழியிலோ இரண்டு டயோடுகள்.

இங்கேதான் அந்தச் சின்ன பல்பு வருகிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரம் பல்பு வழியாக ரோட்டர் சுருளுக்குள் போகிறது. பல்பு 2, 3 வாட்தான், ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அடிபம்பில் தண்ணீர் வர முதலில் ஒரு சொம்பு ஊற்றி அடிப்போமே, அதே வேலை. எஞ்சின் ஓடியதும் வோல்டேஜ் பிறக்கிறது, அது காந்தத்தை வலுவாக்குகிறது, வலுத்த காந்தம் வோல்டேஜை மேலும் ஏற்றுகிறது. 14 வோல்ட்டை நெருங்கியதும் ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிறது. இப்போது பல்பின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வோல்டேஜ். ஓட இடமில்லாமல் மின்சாரம் நின்று, பல்பு அணைகிறது. அதை அணைக்க ஒரு சுவிட்ச்கூட இல்லை! எச்சரிக்கையும் தூண்டுதலும் ஒரே மெல்லிய வயரில். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பல்பு பியூஸ் போனால் இந்தத் தொடக்கமே நடக்காது. அதனால் சில வேன்களில் பல்போடு இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் ஏற்பாடு வேறு.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சார்ஜ் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்து நம்பிக்கை அது. திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அதை எடுத்துவிட்டால் டயோடும் ரெகுலேட்டரும் கருகலாம். ஐ.டி.ஐ. மாணவர் ஒவ்வொருவருக்கும் அரசே ஒரு மல்டிமீட்டர் கொடுத்துவிட்டால் இந்தப் பழக்கம் தானாக ஒழியும்.

வாசகர் கடைக்குப் போகுமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, விளக்குக்குப் போகும் மெல்லிய வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றி எர்த்தில், அதாவது எஞ்சினின் வெறும் உலோகத்தில், தொட்டுப் பார்க்கட்டும். அது எந்த வயர் என்று உறுதி செய்துகொள்வது முக்கியம், பேட்டரியிலிருந்து நேராக வரும் வயராக இருந்தால் ஷார்ட் ஆகிவிடும். பல்பு எரியாவிட்டால் பல்பையோ அதன் வயரிங்கையோ மாற்ற வேண்டும். எரிந்தால் ஆல்டர்னேட்டரைக் கடைக்கு எடுத்துப் போகலாம்.