ஆடாதோடை: கசப்புக்குள் இருக்கும் மருந்து

ஆடாதோடை இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். நாக்கில் பட்ட கசப்பும் எளிதில் போகாது. கசப்புக்கு முக்கியக் காரணம் வாசிசின் என்ற ஆல்கலாய்டு. ஆடுகளும் பூச்சிகளும் அண்டாமல் இருக்கச் செடி சேர்த்துவைக்கும் இந்தப் பொருள்தான் சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் இரைப்புக்கும் உதவுகிறது.

ஆல்கலாய்டுகள் நைட்ரஜன் கொண்டவை, காரத்தன்மை உள்ளவை. இலைக்குள் அவை பெரும்பாலும் கரிம அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருப்பதால் வெந்நீரில் இறங்கிவிடும். சித்த மருத்துவத்தில் குடிநீர் எனப்படும் கஷாயம் காய்ச்சும் முறை பலிப்பது இதனால்தான். ஆய்வகத்திலும் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: நீர்த்த அமிலத்தில் இலைத்தூளை ஊறவைத்து வடிகட்டி, அம்மோனியா சேர்த்துக் காரமாக்கி, குளோரோபார்ம் என்ற கரைப்பானோடு குலுக்கினால் வாசிசின் நீரை விட்டு அந்தக் கரைப்பானுக்குள் போய்விடும்.

காற்றுப் பட்டால் வாசிசின் மெல்ல ஆக்ஸிஜன் ஏற்று வாசிசினோன் ஆகிறது. விலங்கு ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்தபோது மூச்சுக்குழல் நன்றாகத் தளர்ந்தது. ஆனால் பச்சிலைச் சாறும் பழைய இலைத்தூளும் ஒரே மருந்து அல்ல. இரண்டிலும் வாசிசினும் வாசிசினோனும் இருக்கும் விகிதம் வேறு. எந்த மாதத்தில் பறித்தது, எப்போது தூளாக்கியது என்று கேட்டு வாங்குவதே சரி.

முற்றிய இலைகளை நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்துவைத்தால் உள்ளிருக்கும் இலை புழுங்கிக் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். காம்பு 'படக்'கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. குடிநீருக்கு 10 கிராம் இலையை ஒன்றிரண்டாக இடித்து, 160 மி.லி. நீரில் சிறுதீயில் 40 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுவது ஒரு வழக்கமான அளவு. தீ அதிகமானால் நீர்தான் வற்றும், சத்து இலையிலேயே தங்கிவிடும். நைசாக அரைத்த தூளோ வடிதுணியை அடைத்துக்கொள்ளும். காய்ச்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்தால் கிருமி வளரும்.

1963இல் விற்பனைக்கு வந்த புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்துக்கு வாசிசின்தான் முன்மாதிரி. அந்த மருந்தில் வாசிசின் மூலக்கூறின் வளையம் திறந்திருக்கும், இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்திருக்கும். உடலுக்குள் அது அம்ப்ராக்சால் ஆகிறது. இன்றைய இருமல் சிரப்புகள் பலவற்றில் இருப்பது அதுவே.

வாசிசினுக்குக் கருப்பையைச் சுருக்கும் வலுவும் உண்டு. சளிக்குத்தானே என்று கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடையைக் கொடுத்துவிடக் கூடாது. சளியில் ரத்தம் கண்டாலோ மூச்சுத்திணறல் இருந்தாலோ குடிநீர் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.