கோபால்ட்டோகீலேட்டேஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கோபால்ட்டோகீலேட்டேஸ் என்பது வைட்டமின் பி12 உருவாகும்போது அதற்குள் கோபால்ட்டைப் பொருத்தும் நொதி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பிரித்தால் கோபால்ட், கீலேட், ஏஸ், அவ்வளவுதான். ஏஸ் என்பது நொதிப் பெயர்களில் வழக்கமாக வரும் ஈறு.

கோபால்ட் ஜெர்மன் சுரங்கங்களிலிருந்து வந்த பெயர். வெள்ளி கிடைக்கும் என்று நம்பி உருக்கிய தாதுவில் வெள்ளியும் கிடைக்காமல், ஆர்சனிக் புகையும் கிளம்பி ஆளைப் படுத்தியதால், இது கோபோல்ட் என்ற குட்டிச்சாத்தானின் வேலை என்றார்கள். 1730களில் ஸ்வீடனைச் சேர்ந்த கியார்க் பிராண்ட் அதில் புது உலோகம் இருப்பதைக் காட்டிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

கிரேக்கத்தில் கீலே என்றால் நண்டின் கொடுக்கு. ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஓர் உலோக அயனியைக் கவ்விப் பிடிப்பதால் 1920-ல் மார்கனும் ட்ரூவும் கீலேட் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அருமையான சொல்.

சரி, அப்படியானால் இதைச் சுருக்கி 'கோபால்ட் கொடுக்கு நொதி' என்று சொல்லலாமா? கூடாது. ஏனென்றால் கொடுக்கு நொதியுடையது இல்லை. வைட்டமின் பி12-ன் நடுவில் போர்பைரின் என்ற வளைய மூலக்கூறுக்கு உறவான ஒரு வளையம் இருக்கிறது, அதன் நான்கு நைட்ரஜன் அணுக்கள்தான் கோபால்ட்டைக் கவ்வுகின்றன. கோபால்ட்டைக் கொண்டுபோய் அந்த வளையத்துக்குள் பொருத்துவது மட்டுமே நொதியின் வேலை. சூடோமோனாஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் என்ற பாக்டீரியாவில் இந்த வேலைக்கு கோப்-என், கோப்-எஸ், கோப்-டி என மூன்று புரதங்கள் சேர வேண்டும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும் செலவாகும். சால்மொனெல்லாவிலோ சிபிஐ-கே என்ற ஒரே புரதம், ஏடிபி இல்லாமலே, பி12 உருவாகும் பாதையின் தொடக்கத்திலேயே கோபால்ட்டை நுழைத்துவிடுகிறது. ஒரே உலோகம், ஒரே விட்டமின், ஆனால் இரண்டு வழி! நம் உடலில் இந்த நொதி கிடையாது, பி12-ஐ உருவாக்கத் தெரிந்தவை சில பாக்டீரியாக்களும், ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிரிகளும் மட்டுமே.

ஆகவே 'கோபால்ட் கொடுக்கிணைப்பு நொதி' என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் இணைப்பு என்ற சொல் உள்ளே இருப்பதால் நொதி என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு: இதே போர்பைரின் குடும்பத்தில் ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீமுக்காக இரும்பைப் பொருத்தும் ஃபெர்ரோகீலேட்டேஸை இரும்புக் கொடுக்கிணைப்பு நொதி என்றும், பச்சையத்துக்காக மக்னீசியத்தைப் பொருத்துவதை மக்னீசியக் கொடுக்கிணைப்பு நொதி என்றும் அதே அச்சில் சொல்லிக்கொண்டு போகலாம்.