பதினோரு வருசக் கணக்கு, 62 கேபி

போன செவ்வாய்க்கிழமை கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் கீழமாசி வீதியிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்துவிட்டார். பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, புதுக் கம்ப்யூட்டர்ல இதுல உள்ளது எதுவுமே திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

செருகிப் பார்த்தேன். மொத்தம் 38 ஐட்டம். ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 62 கேபி. பதினோரு வருசத்துக் கணக்கு 62 கேபி! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "பழைய கம்ப்யூட்டர் எங்க அண்ணாச்சி?" என்றேன். "அதான் எக்ஸ்சேஞ்சுல குடுத்தாச்சே."

இது எத்தனையாவது கேஸ் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் ஊரே புதுசு வாங்குகிறது. வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் பழையதைக் கை கழுவும் அவசரம் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த அம்புக்குறி விஷயத்தை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் அம்புக்குறியோடு இருப்பது ஃபைல் இல்லை. ஷார்ட்கட். ஃபைல் எங்கே இருக்கிறது என்று கை காட்டும் பலகை, அவ்வளவுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழி காட்டும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திருமங்கலத்தில் நட்டால் கோயில் திருமங்கலத்துக்கு வந்துவிடுமா? அம்புக்குறி இல்லாமல் டெஸ்க்டாப்பில் இருப்பவை உண்மையான ஃபைல்கள், அவற்றைத் தாராளமாகக் காப்பி பண்ணலாம். அம்புக்குறி போட்டது ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். அதை ஆயிரம் முறை காப்பி பண்ணினாலும் பலகைதான் கிடைக்கும்.

"நான் செக் பண்ணிட்டுத்தான் குடுத்தேன் தம்பி" என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணாச்சியும் சொன்னார். பொய் சொல்லவில்லை. பென்டிரைவில் போட்டதும் அதே பழைய கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்து பார்த்திருக்கிறார். திறந்திருக்கிறது. ஏன் திறக்காது? பலகை கை காட்டுகிற இடத்தில், அதே மெஷினின் ஹார்ட் டிஸ்க்கில், நிஜ ஃபைல் உட்கார்ந்திருக்கிறதே! இதுதான் ஆளைக் கவிழ்க்கும் இடம். பழைய கம்ப்யூட்டரில் செய்யும் சோதனை சோதனையே இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணி, பென்டிரைவையும் பிடுங்கி வைத்துவிட்டு, அப்புறம் திறந்து பாருங்கள். பென்டிரைவைப் பிடுங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பென்டிரைவில் இருந்தபடியே ஃபைலைத் திறந்து இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு, காரில் பாட்டுக் கேட்பதற்காக அதை ஃபார்மேட் அடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, டேலி. கணக்கெழுதும் மென்பொருள். மதுரையில் பாதிக் கடைகளின் உயிர் அதில்தான் இருக்கிறது. டேலி ஐகானைக் காப்பி பண்ணினால் கணக்கு வராது என்பது இப்போது புரிந்திருக்கும். கணக்கு இருப்பது டேட்டா ஃபோல்டருக்குள், 10000, 10001 என்பதுபோல வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில். 'இதென்ன குப்பை' என்று அதை விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேலி காட்டும். அந்தப் பாதையைப் பார்த்து, டேலிக்குள்ளேயே பேக்கப் எடுங்கள். லைசென்ஸைப் பழைய மெஷினில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் போடுங்கள். எக்ஸ்சேஞ்ச் கொடுத்தபின் சரண்டர் செய்ய ஓடினால் அது தனித் தலைவலி.

அடுத்தது, அச்சகக்காரர்களும் டிடிபி போடுகிறவர்களும். கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாம் சரியாக வந்துவிடும், திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். "வைரஸ் அடிச்சிருச்சுண்ணே" என்று ஓடி வருவார்கள். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டும்தான். புது மெஷினில் அது இல்லையென்றால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். பழையதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்து வாருங்கள், அரை நிமிட வேலை. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. இன்னும் பாமினியிலேயே இருக்கிறீர்களே என்று திட்டலாம்தான், ஆனால் பழைய ஃபைல்களை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம், பல நேரம் ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். சாட்டா டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. லேப்டாப்பின் இரண்டரை இஞ்ச் டிஸ்க் அதிலேயே ஓடும். டெஸ்க்டாப்பின் மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி தருவது 5 வோல்ட். எனவே தனி அடாப்டரோடு வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாமல் மாட்டிவிட்டு "டிஸ்க் செத்துப்போச்சு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்கும் ஆர்வம் வேண்டவே வேண்டாம்.

புதிதான லேப்டாப்களில் டிஸ்க்கே பூட்டியிருக்கும். வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் முதலில் செட்டப் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்த மெயில் ஐடி கடைக்காரப் பையன் அவசரத்துக்கு உருவாக்கியதாக இருந்தால் என்னிடம் வந்து பிரயோசனமில்லை. அதை என்னாலும் திறக்க முடியாது.

கட் அண்ட் பேஸ்ட் வேண்டாம். எப்போதும் காப்பி மட்டும். நடுவில் கரண்ட் போகும், நம் ஊர்தானே. ரோட்டோரம் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் '2 டிபி' பென்டிரைவ் வேண்டாம். அது இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும். எல்லாம் ஏறியது போலவே தெரியும், திறந்தால் பாதி ஃபைல் வெறும் கூடு. கல்யாண வீடியோ 4 ஜிபிக்கு மேல் போனால் பல பென்டிரைவ்கள் இடமிருந்தும் ஏற்காது. அது ஃபேட்32 வடிவத்தின் எல்லை. முதலில் பென்டிரைவ் காலியா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்துகொண்டால் ஏறிவிடும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் போட்டு, ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜிபி கணக்கு போதாது, அது தோராயம்.

பழைய மெஷினை ஒரு மாதமாவது வீட்டில் வைத்திருங்கள், தயவுசெய்து. வியாபாரிகள் புதியதிலிருந்து ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு முடிக்கும் வரையாவது. எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் ஆயிரம், ரெண்டாயிரத்துக்காக அவசரப்படாதீர்கள். முடியவே முடியாது என்றால் டிஸ்க்கை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அண்ணாச்சியின் பழைய மெஷினில் அதற்குள் புதிதாக விண்டோஸ் ஏற்றி ஒரு டியூஷன் சென்டருக்கு விற்றிருந்தார்கள். விற்றவர் மேல் தப்பில்லை, அவர் தொழில் அது. டியூஷன் நடத்தும் அம்மா பெரிய மனதோடு ஒரு நாளைக்கு டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தார். பழைய ரகம், சுற்றும் டிஸ்க் என்பதால் ஏதோ கொஞ்சம் மீண்டது. எதுவும் சுற்றாத புது ரக எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அநேகமாக அதுவும் இல்லை. டேலி ஃபோல்டர் பாதியில் உடைந்திருந்தது. கடைசியில் காப்பாற்றியது ஆடிட்டர்தான். மார்ச் முடிவில் எடுத்த பேக்கப் அவரிடம் இருந்தது.

ஏப்ரலிலிருந்து பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்கெழுதும் பெண் இப்போது முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று போய்ப் பார்த்தேன். "அண்ணே, பேக்கப்பை எதுல போட்டு வைக்க?" என்று கேட்டார். "டெஸ்க்டாப்புலயே..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வற்றல் மூட்டையை எண்ணப் போய்விட்டார்.