மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 வீட்டுக்கு: ரூஸ்வெல்ட்டின் காட்டு வேலைத் திட்டம்

1933 மார்ச் 4-ம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அந்த நாட்டில் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக மூடிக்கிடந்தன. அவர் அடுத்தடுத்துக் கொண்டுவந்த நிவாரண, சீர்திருத்தச் சட்டங்களுக்கு ‘நியூ டீல்’ என்று பெயர். (‘புதிய ஏற்பாடு’ என்று தமிழ்ப்படுத்தினால் பைபிள் ஞாபகம் வந்துவிடும். ஆகவே நியூ டீல் என்றே வைத்துக்கொள்வோம்.) வங்கி வைப்புக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் என்று அதில் எத்தனையோ உண்டு. இங்கே விளக்கப்போவது ஒன்றே ஒன்றை: சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. வேலையில்லாத இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பி, மரம் நடவும் மண் அரிப்பைத் தடுக்கவும் வைத்த திட்டம்.

சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது மார்ச் 31. வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு காட்டில் முதல் முகாம் ஏப்ரல் 17-ல் திறந்துவிட்டது. ஜூலை பிறப்பதற்குள் இரண்டரை லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். எந்த அரசு இயந்திரமும் அவ்வளவு வேகமாக ஓடாது. ஆனால் இங்கே புதிதாக ஒரு துறையைக் கட்டாமல், இருந்த துறைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆள் எடுப்பது தொழிலாளர் துறை. என்ன வேலை, எங்கே என்று முடிவு செய்வது விவசாயத் துறையும் உள்துறையும் (அங்கே உள்துறை என்பது போலீஸைக் கவனிப்பது அல்ல; தேசியப் பூங்காக்களையும் அரசு நிலங்களையும் கவனிப்பது). சோறு, துணி, கூடாரம், ரயில் பயணம் எல்லாம் ராணுவம். வேலையில்லாத பையன்கள் அதிகம் இருந்தது கிழக்கு நகரங்களில். காடுகள் அதிகம் இருந்தது மேற்கில். அத்தனை பேரை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்க ராணுவத்தை விட்டால் வேறு யாராலும் முடிந்திருக்காது.

சேரத் தகுதி என்ன? தொடக்கத்தில் வயது 18 முதல் 25 வரை. அமெரிக்கக் குடிமகனாக, கல்யாணம் ஆகாதவனாக, உடல் தகுதி உள்ளவனாக இருக்க வேண்டும். வேலை இருக்கக் கூடாது; குடும்பம் அரசு நிவாரணப் பட்டியலில் இருக்க வேண்டும். வயது வரம்பு பின்னால் ஏறி இறங்கியது. 1937-ல் நிவாரணப் பட்டியல் நிபந்தனையும் தளர்ந்தது. ஒரு தவணை ஆறு மாதம். விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம், பொதுவாக இரண்டு ஆண்டு வரைதான். முதல் உலகப் போரில் சண்டையிட்ட முன்னாள் ராணுவத்தினருக்கு வயது வரம்பு கிடையாது. அவர்களுக்குத் தனி முகாம்கள்.

சம்பளக் கணக்குதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் பையனின் கைக்கே வராது. நேராக வீட்டுக்குப் போய்விடும். அவன் கையில் மிஞ்சுவது 5. முகாமில் சாப்பாடு, உடை, மருத்துவம் எல்லாம் இலவசம் என்பதால் அந்த ஐந்து டாலர் சிகரெட்டுக்கும் சினிமாவுக்கும் போதும். ஆக, ஒரு பையனை வேலைக்கு எடுத்தால் ஊரில் ஒரு குடும்பத்துக்கு உலை வைக்க வழி பிறந்தது. வீட்டில் ஒரு வாயும் குறைந்தது. ‘இனாம் வாங்குகிறோம்’ என்ற கூச்சமும் இல்லை, மகன் சம்பாதித்து அனுப்பும் காசு அது. அரசு நேரடியாகக் குடும்பத்துக்கே 25 டாலர் கொடுத்திருந்தால் இந்த மூன்றும் ஒன்றாக நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

எல்லோரும் கைதட்டவில்லை. நாளுக்கு ஒரு டாலர் என்று அரசே கூலி நிர்ணயித்தால் வெளியே கூலி சரிந்துவிடும், ராணுவத்தின் கையில் இளைஞர்களைக் கொடுப்பது ஆபத்து என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ரூஸ்வெல்ட் சாமர்த்தியமாக ராபர்ட் ஃபெக்னர் என்ற தொழிற்சங்கத் தலைவரையே இயக்குநராக்கினார். முகாமில் துப்பாக்கிப் பயிற்சியும் கிடையாது, ராணுவச் சட்டமும் கிடையாது. ஒழுங்கு மீறினால் கடைசித் தண்டனை வீட்டுக்கு அனுப்புவதுதான். அப்படி அனுப்பினால் வீட்டுக்குப் போகும் 25 டாலரும் நின்றுவிடும். அந்தப் பயமே போதுமாக இருந்திருக்கும்.

இனம், நிறம், மதம் பார்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. அன்றைய காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரே கறுப்பின உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட் சேர்க்கவைத்தது அது. நடைமுறை வேறு. ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின இளைஞர்களைத் தேர்வு செய்யவே மறுத்தார்கள். மாநிலத்துக்கான ஒதுக்கீட்டையே நிறுத்திவிடுவோம் என்று வாஷிங்டன் மிரட்டிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். 1935-ல் ஃபெக்னரே முகாம்களை இனவாரியாகப் பிரிக்க உத்தரவிட்டார். பெண்களுக்கு இதில் இடமே இல்லை. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் வற்புறுத்தியதால் பெண்களுக்கென்று சில முகாம்கள் வேறு நிதியில் நடந்தன. அவற்றால் பயன்பெற்றவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆண்கள் பக்கம் மொத்தம் சுமார் 30 லட்சம் பேர்.

வேலை நடக்காமல் இல்லை. சுமார் 300 கோடி மரக்கன்றுகள் நட்டார்கள். காட்டுத் தீயை அணைத்தார்கள், கண்காணிப்புக் கோபுரங்கள் கட்டினார்கள், பூங்காக்களுக்குப் பாதை போட்டார்கள். கொலராடோவில் பாறைகளுக்கு நடுவே இன்றும் இசைக் கச்சேரிகள் நடக்கும் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கு இவர்கள் கட்டியது. மாலையில் முகாமிலேயே வகுப்புகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் வீட்டுக்குத் தங்கள் கையாலேயே கடிதம் எழுதக் கற்றார்கள்.

1937-ல் இதை நிரந்தரமாக்க ரூஸ்வெல்ட் கேட்டார், காங்கிரஸ் மறுத்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபின் பையன்கள் ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். 1942 ஜூன் இறுதியோடு நிதி நின்றது. திட்டத்தை ஒழிக்கிறோம் என்று தனியாக ஒரு சட்டம் போடவில்லை. பணம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். காலியான முகாம்களில் சில, போர்க் கைதிகளை அடைத்துவைக்கப் பயன்பட்டன.