பாக்கெட்டுக்குப் பின்கோடு உண்டா?

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மழை வருமா பார்க்கலாம் என்று செல்போனில் ஒரு வானிலைப் பக்கத்தைத் திறந்தேன். "சென்னை, 36 டிகிரி" என்றது. நானோ ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே சில்வர் ஓக் மரங்கள் மூடுபனியில் பாதிதான் தெரிந்தன. இத்தனைக்கும் செல்போன் டவர் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

நமக்கு முகவரி என்றாலே அதில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்கோடு 636 என்று தொடங்கினால் சேலம் பக்கம் என்று தெரிந்துவிடும். எஸ்டிடி கோடு 0427 என்றால் சேலம், 04281 என்றால் ஏற்காடு. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி இந்த ஜாதி இல்லை. ஆசிய பசிபிக் பகுதிக்கான எண்களை ஏப்னிக் என்ற அமைப்பு கட்டுக்கட்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. வாங்கிய இணைய நிறுவனம் அதை அயோத்தியாப்பட்டணத்திலும் பயன்படுத்தலாம், அண்ணா நகரிலும் பயன்படுத்தலாம். அதிலும் மொபைல் டேட்டா என்றால் பல ஊர்க்காரர்களின் பாக்கெட்டுகளை, அதாவது இணையத்தில் செய்தி போகும் சிறு பொட்டலங்களை, பெரிய நகரத்தில் இருக்கும் கேட்வே என்ற ஒரு வாசலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்துதான் வெளியே விடுகிறார்கள். வெளியுலகத்துக்குத் தெரிவது அந்த வாசல்தான். அதனால்தான் எனக்குச் சென்னைப் புழுக்கம்.

சரி, இடத்தை நெறிமுறையிலேயே, அதாவது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிகளிலேயே, எழுதிவிட்டால் என்ன? இந்த யோசனை பழையது. இணைய விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். 1996 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1876 என்ற ஆவணம், டிஎன்எஸ்ஸில் 'லாக்' என்றொரு பதிவு வகையைச் சேர்த்தது. டிஎன்எஸ் என்பது இணையதளப் பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு. அதே இடத்தில் "இந்தக் கம்ப்யூட்டர் பூமியில் எங்கே இருக்கிறது" என்பதையும் எழுதி வைக்கலாம் என்றார்கள். மொத்தம் 16 பைட்தான். அதற்குள் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், பொருளின் அளவு, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பது வரை அடக்கியிருக்கிறார்கள்.

ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்சரேகை ஏறக்குறைய வடக்கு 11 பாகை (டிகிரி) 47 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. இதை விகலையாக்கினால் 42,420. லாக் பதிவு ஒரு விகலையையும் ஆயிரம் கூறாக்குகிறது. ஒரு கூறு தரையில் சுமார் 3 சென்டிமீட்டர், மூன்று காபிக் கொட்டைகளை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய நிறைந்துவிடும். ஆக 4,24,20,000. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் மைனஸ் வருமே, அதைத் தவிர்க்க நடுக்கோட்டையே 2,14,74,83,648 என்று வைத்துவிட்டார்கள், அதாவது இரண்டின் 31ஆம் அடுக்கு. இரண்டையும் கூட்டினால் 2,18,99,03,648. பதிவில் ஏறுவது இந்த எண்தான்.

உயரத்துக்கும் இதே தந்திரம். கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு கற்பனைக் கோளப் பரப்புக்கு 1,00,000 மீட்டர் கீழே இருந்து சென்டிமீட்டரில் எண்ணத் தொடங்குகிறார்கள். கணக்குக்காக ஏரி 1,400 மீட்டர் உயரம் என்றால் 1,01,40,000. பூமிக்குள் 100 கிலோமீட்டர் ஆழத்தில் யார் சர்வர் வைக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. துல்லியம் எதுவும் குறிப்பிடாவிட்டால், பக்கவாட்டில் பிழை வட்டத்தின் விட்டம் 10 கிலோமீட்டர் என்று பதிவு தானே எடுத்துக்கொள்ளும். உயரத்தில் 10 மீட்டர். காரணத்தையும் ஆவணமே சொல்கிறது: ஒரு பின்கோடு பகுதி ஏறக்குறைய அவ்வளவு இருக்கும், பின்கோடு தெரிந்தால் இடத்தைத் தோராயமாகக் கண்டுபிடிப்பது சுலபம். சுற்றிச் சுற்றித் தபால்காரரிடமே வந்து நின்றுவிட்டார்கள்.

லாக் பதிவு இன்றும் இருக்கிறது, ஆனால் எழுதி வைப்பவர்கள் குறைவு. கட்டாயமில்லை, சரிபார்க்க ஆளில்லை, ஏரிக்கரை சர்வரை ஓமலூருக்குத் தூக்கிப் போனால் பதிவை மாற்ற யாருக்கு ஞாபகம் வரும்? 1996லேயே வந்த, 2009 என்ற எண்ணுள்ள ஆர்.எஃப்.சி. இன்னும் துணிந்தது. ஒரு நிலப்பரப்பையே முகவரியாகக் கொடுத்து அங்கே இருக்கிற எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம், ஜிபிஎஸ் வழிகாட்டும் என்றது. பரிசோதனையோடு நின்றுவிட்டது. இணையத்தின் பாதைகள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டவை அல்லவே. சேலத்திலிருந்து ஏற்காடு காக்கைக்கு 15 கிலோமீட்டருக்குள்தான், பஸ்ஸுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாக்கெட்டின் பாடு பஸ்ஸைவிட மோசம்: அடுத்தடுத்த வீடுகளில் வேறு வேறு நிறுவன இணைப்பு இருந்தால், இந்த வீட்டுச் செய்தி சென்னை வரை போய்த் திரும்பி அந்த வீட்டுக்கு வரலாம்.

அப்புறம் ஐபி ஆறாம் பதிப்பு. அதில் பாக்கெட்டின் தலைப்பு, அதாவது முகவரிகள் எழுதிய முன்பகுதி, 40 பைட். பின்னால் கூடுதல் தலைப்புகளைக் கோத்துக்கொள்ளலாம். அதில் இடத்தைப் போடலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. முதல் சிக்கல், கூடுதல் தலைப்பு உள்ள பாக்கெட்டுகளை வழியில் பல கருவிகள் தூக்கிப் போட்டுவிடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் பூட்டி அனுப்பும் செய்தியிலும் ஐபி தலைப்பு திறந்தேதான் இருக்கும். பாக்கெட்டை வழியனுப்பும் கருவியான ஒவ்வொரு ரவுட்டரும் படிக்கும். கடிதத்தை ஒட்டிவிட்டு, உறையின் மேல் "இந்த நிமிடம் லேடீஸ் சீட் பாறையில் நிற்கிறேன்" என்று எழுதுவது போல. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்று நடைமுறையில் இருப்பது எளிமையான வழி. ஆர்.எஃப்.சி. 8805 சொல்கிறபடி, இணைய நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிடுகிறது. வரிக்கு ஒரு ஐபி தொகுதி, பக்கத்தில் நாடு, மாநிலம், ஊர். ஐபியை வைத்து இடம் சொல்லும் நிறுவனங்கள் இதையும் பார்க்கின்றன, பாக்கெட் போய்வரும் நேரத்தையும் அளக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஒரு மில்லி நொடியில் பதில் வந்தால் எதிராளி 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வழியே இல்லை.

இதெல்லாம் இருந்தும் ஊகம் ஊகம்தான். "அமெரிக்காவில் எங்கோ" என்பதற்கு மேல் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் ஒரு நிறுவனம் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று நாட்டின் நடுவே ஒரு புள்ளி வைத்தது. அங்கே கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. யாரோ எங்கோ செய்த மோசடிக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் போலீசும் ஏமாந்தவர்களும் அந்த வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகு புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே நகர்த்தினார்கள். சேலம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு புள்ளி வைக்க நேர்ந்தால் மேட்டூர் அணைத் தண்ணீரைச் சிபாரிசு செய்வேன்.

திண்ணையில் அந்த வானிலைப் பக்கம் கடைசியாக, "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டது. அனுமதித்தால் ஜிபிஎஸ் சொல்லும் இடம் பூட்டிய உறைக்குள் போகும், ரவுட்டர்கள் படிக்க முடியாது. அந்த இணையதளம் மட்டும் படிக்கும். யோசிப்பதற்குள் தூறல் விழ ஆரம்பித்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.