குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு

மே மாதத்தில் நீலகிரிக்குக் கார் எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும். சீசன் சூடுபிடித்ததும் மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஏற வேண்டும். திரும்புகிறவர்கள் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். கூட்டத்தைச் சமாளிக்கக் காவல்துறை செய்யும் ஏற்பாடு என்று நாமும் முணுமுணுத்தபடி ஏறிவிடுகிறோம். ஆனால் இதற்குள் ஒரு நல்ல கணிதக் கேள்வி இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாச் சாலைகளையும் ஒருவழியாக்கினாலும், எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போய்ச்சேர முடியுமா?

1939ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ராபின்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதற்கு விடை சொன்னார். எந்த ஒரு சாலையை அடைத்தாலும் ஊர்கள் பிரிந்துபோகாது என்றால், எல்லாவற்றையும் ஒருவழியாக்க ஒரு முறை நிச்சயம் உண்டு. அடைத்த மாத்திரத்தில் ஊர்களை இரு துண்டாக்கும் சாலை ஒன்றே ஒன்று இருந்தாலும் முடியாது. அப்படிப்பட்ட சாலையைக் கணினியியலில் ‘பாலம்’ என்கிறார்கள். அதன் மேல் பாலம் கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் சாலையைப் பாருங்கள். காட்சிமுனையோடு அது முடிந்துவிடுகிறது. அதைப் போவதற்கு மட்டும் என்று அறிவித்தால், போனவர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

இதைவிடக் கடுமையான உதாரணமும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. தெங்குமரஹாடா கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் வண்டியில் அங்கே போக மலையை விட்டு இறங்கி, ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரைச் சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் போய், மாயாற்றைக் கடக்க வேண்டும். மாயாற்றில் வெள்ளம் வந்து ஊர் துண்டிக்கப்பட்ட செய்தி எத்தனையோ முறை நாளிதழ்களில் வந்திருக்கிறது.

கோடநாடு, தெங்குமரஹாடா போன்றவற்றைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு லட்சம் சந்திப்புகளும் ஒன்றரை லட்சம் சாலைகளும் உள்ள வரைபடத்தில் எப்படிச் சொல்வது? யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு சாலையாக அடைத்துப் பார்ப்பது. ஒன்றை அடைத்துவிட்டு மீதி வழிகளில் எல்லா ஊருக்கும் போக முடிகிறதா என்று முழு வரைபடத்தையும் சுற்றிவர வேண்டும். பிறகு அதைத் திறந்து அடுத்ததை அடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை லட்சம் படிகள். இப்படி ஒன்றரை லட்சம் சுற்றுகள். மொத்தம் 3,750 கோடி. விநாடிக்குப் பத்துக் கோடிப் படிகள் போடும் கணினிக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பரவாயில்லையே என்று தோன்றலாம். வரைபடம் நூறு மடங்கு பெரிதானால் வேலை பத்தாயிரம் மடங்கு பெருகும். அப்போது அதே கணினி 43 நாட்கள் ஓட வேண்டும்.

அதே வேலையைக் கால் விநாடியை ஒட்டிய நேரத்தில் முடிக்க ஒரு வழி உண்டு. அதைத் தந்தவர் ராபர்ட் டார்ஜன். 1948ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் பிறந்தவர். கால்டெக்கில் கணிதம் படித்துவிட்டு, 1972ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். கார்னெலிலிருந்து ஓராண்டு விடுப்பில் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த ஜான் ஹாப்கிராஃப்டும் மாணவரான டார்ஜனும் அங்கே ஒரே அறையில் உட்கார நேர்ந்தது. அந்தக் கூட்டணியில் விளைந்த வேலைகளுக்காகவே கணினியியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 1986ஆம் ஆண்டில் இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. மற்ற விருதுகள், பதவிகள் எல்லாம் இருக்கட்டும். அவர் என்ன செய்தார் என்பதுதான் சுவாரஸ்யம்.

அவர் கையில் எடுத்த கருவி புதிதல்ல. ஒரு வழியில் போக முடிந்தமட்டும் போ, போக்கிடம் இல்லாவிட்டால் வந்த வழியே ஒரு அடி திரும்பி அடுத்த கிளையைப் பிடி. புதிர்ப்பாதைகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லப்பட்ட உத்தி இது. ஆழ்நோக்கித் தேடல் என்று பெயர். இந்த நடையின்போது ஒவ்வோர் ஊரிலும் இரண்டே எண்களைக் குறித்துக்கொண்டால் போதும் என்று கண்டதுதான் டார்ஜனின் சாமர்த்தியம்.

நடந்தே பார்த்துவிடலாம். குன்னூர்–கோத்தகிரி நேர்சாலை, மஞ்சூர்ப் பாதை, கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போகும் சாலைகள் ஆகியவற்றைக் கணக்கு எளிதாவதற்காக விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது எட்டு ஊர்கள், ஒன்பது சாலைகள். மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறோம், அதற்கு எண் 1. குன்னூர் 2. ஊட்டி 3. அங்கிருந்து நடுவட்டம் இறங்கிக் கூடலூர், அது 4. முதுமலைக்குள் தெப்பக்காடு 5. மசினகுடி 6. மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதை ஊட்டிக்கு ஏறுகிறது. ஊட்டிக்கோ ஏற்கெனவே எண் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அதில் ஏறாமல், ‘இங்கிருந்து 3ஐத் தொட முடியும்’ என்று மசினகுடியில் எழுதிவைத்துவிட்டுத் திரும்புகிறோம். திரும்பும் வழியில் தெப்பக்காட்டிலும் கூடலூரிலும் அதே 3ஐ எழுதுகிறோம். அவற்றுக்கும் கீழ்வழியாகப் போனால் ஊட்டியைத் தொட முடியும் அல்லவா?

மீண்டும் ஊட்டி. இன்னும் போகாத சாலை கோத்தகிரிக்கு இருக்கிறது, கோத்தகிரி 7. அங்கிருந்து கோடநாடு 8. அதற்கு மேல் வழியில்லை. கோடநாடு தொடக்கூடிய மிகச் சிறிய எண் அதனுடைய 8தான். கோத்தகிரிக்குத் திரும்பினால், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலை கண்ணில் படுகிறது. அது எண் 1. ஆகவே கோத்தகிரியில் 1 என்று எழுதி, திரும்பும் வழியில் ஊட்டியிலும் குன்னூரிலும் அதையே எழுதிக்கொண்டே வந்துவிடுகிறோம். நடை முடிந்தது.

இனி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தோமே, அந்த அடுத்த ஊர் தொடக்கூடிய மிகச் சிறிய எண், முந்தைய ஊரின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், இடையே உள்ள சாலை பாலம். கோடநாட்டின் 8 கோத்தகிரியின் 7ஐவிடப் பெரிது, அது பாலம். கூடலூரின் 3 ஊட்டியின் 3ஐவிடப் பெரிதல்ல. ஆகவே நடுவட்டம் பாதை பாலம் அல்ல. மற்ற சாலைகளும் அப்படியே தப்பிவிடுகின்றன.

இந்த ஒரே ஒப்பீடு எப்படிப் போதுமானதாகிறது? கூடலூர்ப் பக்கத்து ஊர்களை நடந்து முடித்துவிட்டு ஊட்டிக்குத் திரும்பி, அதன் பிறகே கோத்தகிரிப் பக்கம் போனோம். மசினகுடிக்கும் கோத்தகிரிக்கும் இடையே குறுக்கே ஒரு சாலை இருந்திருந்தால்? மசினகுடியில் நிற்கும்போதே அதைப் பிடித்து நடந்திருப்போம். கோத்தகிரி அந்தக் கிளையிலேயே வந்திருக்கும். ஆகவே இந்த நடையில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவும் சாலை இருக்கவே முடியாது. நடந்து போகாத சாலை எதுவானாலும், வந்த வழியில் இருக்கும் ஏதோ ஓர் ஊருக்கே, அதாவது சிறிய எண்ணை நோக்கியே, திரும்பிப் போகும். எவ்வளவு பின்னால் போகிறது என்று ஓர் எண்ணில் தெரிந்தால் முழு விவரமும் தெரிந்த மாதிரிதான். ஒவ்வொரு சாலையையும் அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரு தடவை பார்க்கிறோம், அவ்வளவே. வரைபடம் நூறு மடங்கானால் வேலையும் நூறு மடங்கோடு நின்றுவிடும்.

‘பெரிது’ என்பதை ‘பெரிது அல்லது சமம்’ என்று மாற்றிவிட்டால், இதே நடை வேறொரு கேள்விக்கு விடை தருகிறது (கிளம்பிய ஊருக்கு மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது). கூடலூர் தொடக்கூடிய மிகச் சிறிய எண் ஊட்டியின் எண்ணுக்குச் சமமாக இருந்தது. அதன் பொருள், நம் சிறிய வரைபடத்தில் கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி மூன்றும் குன்னூர்ப் பக்கத்தோடு ஊட்டி வழியாக மட்டுமே சேர்ந்திருக்கின்றன. எந்தச் சாலையும் தனியாக முக்கியமில்லை. ஆனால் ஊட்டி சேரிங்கிராஸ் அசையாமல் நின்றால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரை வெட்டுமுனை என்கிறார்கள். மின்வலையிலும் கணினி வலையிலும் பொறியாளர்கள் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்: எந்தக் கம்பி அறுந்தால் ஆபத்து, எந்த நிலையம் நின்றால் ஆபத்து.

ராபின்ஸின் ஒருவழிக் கணக்குக்கும் விடை இதே நடையில் கிடைத்துவிடுகிறது. நடந்த சாலைகளை நடந்த திசையிலும், நடக்காமல் குறித்துவைத்தவற்றைச் சிறிய எண்ணை நோக்கிய திசையிலும் ஒருவழியாக்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், அங்கிருந்து ஊட்டி, அடுத்துக் கோத்தகிரி, கடைசியில் மேட்டுப்பாளையம். சீசனில் காவல்துறை போடும் அதே சுற்று! மறுபக்கம் கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி, பிறகு கல்லட்டியில் ஏற்றம். கல்லட்டியில் வெளியூர் வாகனங்கள் ஏறலாம், இறங்கத் தடை என்பதும் இங்கே நினைவுக்கு வரும். இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு வளையத்தைச் சுற்ற இரண்டே திசைகள்தான் உண்டு. நாம் முதலில் குன்னூருக்குப் பதிலாகக் கோத்தகிரிக்கு நடந்திருந்தால் எதிர்ச்சுற்று வந்திருக்கும், கணிதத்துக்கு இரண்டும் ஒன்றே. எந்தத் திசை நல்லது என்பதைச் சரிவும் பிரேக்கும் முடிவுசெய்கின்றன. கோடநாடு மட்டும் எப்படியும் இருவழியாகவே இருந்தாக வேண்டும்.

சாலைகள் அறுந்துபோன பிறகு என்ன செய்வது என்பது வேறு கதை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பொக்லைன்கள் ஒவ்வோர் இடமாக மண்ணை அள்ளிச் சாலையைத் திறந்துகொண்டே வரும். ஒவ்வொன்றும் திறக்கும்போது கேள்வி ஒன்றுதான்: இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இப்போது தொடர்பு வந்துவிட்டதா?

இதற்கான முறையை 1964ஆம் ஆண்டிலேயே காலர், ஃபிஷர் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள ஊர்களின் கூட்டத்துக்கு ஒரு தலைமை ஊர். ஒவ்வோர் ஊரும் இன்னோர் ஊரைக் கைகாட்டும். அது மற்றொன்றைக் காட்டும். கடைசியில் தலைமை ஊர் வரும். இரண்டு ஊர்களின் தலைமை ஒன்றே என்றால் தொடர்பு உண்டு. புதிதாக ஒரு சாலை திறந்தால், ஒரு கூட்டத்தின் தலைமை மற்றக் கூட்டத்தின் தலைமையைக் கைகாட்டிவிடும். பின்னால் வந்தவர்கள் இரண்டு தந்திரங்கள் சேர்த்தார்கள். ஒன்று, எப்போதும் சிறிய கூட்டத்தின் தலைமையே பெரிய கூட்டத்தின் தலைமையைக் கைகாட்டுவது. இன்னொன்று, தலைமையைத் தேடிப் போகும் வழியில் கடந்த ஊர்கள் அத்தனையையும் நேராகத் தலைமையையே கைகாட்டும்படி மாற்றிவிடுவது. அடுத்த தடவை கேட்டால் ஒரே எட்டு.

நிரல் எழுதினால் பத்து வரிதான் வரும். ஆனால் அது எவ்வளவு வேகமானது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஹாப்கிராஃப்டும் ஜெஃப்ரி உல்மன் என்ற கணினியியலாளரும் ஒரு வரம்பைக் காட்டினார்கள். 1975ஆம் ஆண்டில் டார்ஜன் துல்லியமான விடையைக் கொடுத்தார். ஒரு கேள்விக்கான சராசரி வேலை, அசுர வேகத்தில் பெருகும் அக்கர்மன் சார்பின் தலைகீழ் என்ற விநோத அளவில் வளர்கிறது. பிரபஞ்சத்தில் உள்ள அணுக்கள் அத்தனையும் ஊர்களாக இருந்தாலும் அந்த அளவு 4ஐத் தாண்டாது. ஆனாலும் அது மாறிலி அல்ல. மிக மிக மெதுவாக, முடிவில்லாமல் வளர்கிறது. இந்த முறைக்கு ஆகும் வேலை இதைவிடக் குறைவாக இருக்கவே முடியாது என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார். நடைமுறைக்குத் துளியும் தேவைப்படாத இந்தப் பிடிவாதம்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்நாள் வேலையிலேயே அழகான இடம்.

‘சராசரி’ என்று சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏதோ ஒரு தேடல் நீளமாக இருக்கலாம். ஆனால் அந்த நீளமான தேடலே பின்வரும் தேடல்களைக் குறுக்கிவிடுகிறது. ஆகவே தனித்தனியாகப் பார்க்காமல் மொத்த வரிசையின் செலவைப் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டில் டார்ஜன் இந்தப் பார்வையைத் தனி முறையாகவே எழுதிவைத்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்தப் பார்வையில் பிறந்ததுதான் மைக்கேல் ஃப்ரெட்மனோடு அவர் உருவாக்கிய ஃபிபனாச்சிக் குவியல் என்ற தரவு அமைப்பு. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட குறும்பாதை முறையை இது வேகப்படுத்தியது. அந்த முறையில், இதுவரை எட்டிய ஊர்களில் மிகப் பக்கமானதை எடுத்து உறுதிசெய்து, அதன் வழியாக அண்டை ஊர்களின் தூரத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ‘மிகப் பக்கமானது எது’ என்று ஒவ்வொரு முறையும் தேடுவதில்தான் நேரம் போகும். குவியல் அந்தத் தேடலை மலிவாக்கி, திருத்துவதை ஏறத்தாழ இலவசமாகவே ஆக்கிவிட்டது.

கதை அதோடு நிற்கவில்லை. 2024ஆம் ஆண்டில், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய டார்ஜனும் நான்கு இளைய ஆய்வாளர்களும் சேர்ந்து ஒன்றை நிறுவினார்கள். தூரத்தோடு, ஊர்களைப் பக்கத்திலிருந்து தொலைவு வரை வரிசைப்படுத்தியும் தர வேண்டும் என்றால், தகுந்த குவியலுடன் கூடிய டெய்க்ஸ்ட்ரா முறையை எந்த வரைபடத்திலும் விஞ்ச முடியாது. அடுத்த ஆண்டே சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ரான் துவான் குழு, சாலைகள் அடர்த்தியாக இல்லாத வரைபடங்களில் அதைவிட வேகமான முறையைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் முரண் இல்லை, ஏனென்றால் துவான் குழு வரிசையைக் கொடுப்பதில்லை. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரிக்குத் தொழிற்சாலை எத்தனை நிமிடத்தில் வரும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். மாவட்டத்தில் அது எத்தனையாவது பக்கத்து ஊர் என்ற பட்டியல் வேண்டாம். அந்தப் பட்டியலைப் போடும் வேலையைத் தவிர்த்துத்தான் அவர்கள் நேரத்தை மிச்சம் பிடித்தார்கள்.